வணக்கத்துக்கு ஒரு பிஸ்கட்

சரவணம்பட்டித் தெருக்களில் நாய் குரைத்துக் கேட்டு வெகுகாலம் ஆகிறது. தெருநாய்கள் எங்கே போயின என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. அடுக்குமாடிகளில் இருப்பவை எல்லாம் ‘சாந்தம்’ என்ற கம்பெனி உருவாக்கி விற்ற குட்டிகள். கருவிலேயே ஒரு மரபணுவைத் தாழிட்டுவிடுவார்கள். தொண்டை இருக்கும், குரல் இருக்காது. விளம்பரத்தில் ‘அமைதியான தோழன்’ என்று போட்டார்கள். ஊர் வைத்த பெயர் ஊமைக்குட்டி.

இப்படி நாய் வாங்குவதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. அந்தக் கட்டடங்களில் பாதிப் பேர் இரவெல்லாம் வெளிநாட்டுக்கு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்கள். சுவரோ அப்பளம் மாதிரி. மத்தியான நேரத்தில் ஒரு நாய் குரைத்தால் பத்து வீட்டுத் தூக்கம் போகும். அதனால்தான் ஒவ்வொரு குடியிருப்போர் சங்கமும் குரைக்கும் நாய்க்கு இடமில்லை என்று விதி எழுதி வைத்துக்கொண்டது.

நான் ரங்கநாயகி, கால்நடை மருத்துவர். வயது அறுபதை நெருங்குகிறது, முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, கோபம் மட்டும் இன்னும் இளமையாக இருக்கிறது. கிளினிக்கை இழுத்து மூடிவிடலாம் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நினைப்பேன். திங்கட்கிழமை யாராவது ஒருத்தர் ஒரு ஜீவனைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து நிற்பார்கள். மூட முடியாது.

அந்த வருடம் வந்ததெல்லாம் இளம் ஊமைக்குட்டிகள். ஒரு வயதைத் தாண்டியிருக்காது. நாக்கு நாவல்பழம் தின்ற நிறத்தில் இருக்கும். வயிற்றில் நீர் கோத்திருக்கும். நான்கு படி ஏறினால் மயங்கி விழும். படம் எடுத்துப் பார்த்தால் இதயத்தின் வலதுபக்கம் வீங்கி நெஞ்சுக்கூட்டை அடைத்துக்கொண்டு நிற்கும், நுரையீரலின் ரத்தக்குழாய்கள் விறைத்துப் போயிருக்கும். கிழட்டு நாய்க்கு வரவேண்டியது குட்டிக்கு வந்திருக்கிறது.

எனக்குப் புரியாமல் இருந்தது ஒன்றுதான். இந்த வியாதி இருமலில்தான் தொடங்கும். மாதக்கணக்கில் இருமும், வீட்டுக்காரர்களுக்குத் தொல்லை தாங்காமல் தூக்கிக்கொண்டு வருவார்கள், நமக்கும் ஏதாவது செய்ய அவகாசம் கிடைக்கும். இவர்களோ ஒருத்தர் விடாமல், “இருமலே இல்லீங்க டாக்டர், நேத்து வரைக்கும் விளையாடுச்சுங்க” என்றார்கள். பொய் சொல்கிறார்கள் என்று சிலரைத் திட்டியும் இருக்கிறேன். கடைசிக் கட்டத்தில் வந்தால் நான் என்ன செய்வது? ஒரேயடியாகத் தூங்கவைக்கும் ஊசிதான். போட்டுவிட்டு வீட்டுக்குப் போய், தட்டில் இருக்கும் தோசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

வேறு ஒரு ஊசியும் இருந்தது. என்னிடம் படித்த இஸ்மாயில் நாமக்கல் பக்கம் ஒரு ஆய்வகத்தில் இருக்கிறான். கம்பெனி போட்ட தாழ்ப்பாளைத் திறக்கும் மருந்தை அவன்தான் கண்டுபிடித்தான். குரலுக்கான மரபணுவேதான் நுரையீரலின் ரத்தக்குழாய்களை இளக்கமாக வைத்திருப்பதும் என்று அவன் சொன்னபோது, கம்பெனிக்காரனுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும் என்று கேட்டேன். “தெரிஞ்சிருந்தா என்ன மேடம், தெரியலைன்னா என்ன, நமக்கு நாய்தான வருது” என்றான். இதயம் ஓய்ந்துபோவதற்கு முன்னால் அந்த ஊசியைப் போட்டால் நாய் பிழைக்கும். ஆனால் குரலும் திரும்பிவிடும். குரல் வந்தால் வீட்டில் வைத்திருக்க முடியாது.

இந்த ஊசிக்குச் சம்மதித்தவர்கள் குறைவு. பவளமலை டவர்ஸில் சுந்தரவடிவேல் என்று வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருத்தர் சம்மதித்தார். நாய் பிழைத்தது, குரைத்தது, சங்கம் அதை வெளியேற்றச் சொன்னது. அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் விட்டார். அங்கிருந்து அது ஓடிப்போய்விட்டது. தினமும் சாயங்காலம் பஸ் ஏறிப் போய்த் தேடுகிறார் என்று கேள்விப்பட்டேன்.

அதே பவளமலை டவர்ஸில்தான் காணும் பொங்கலன்று நாய்களுக்குப் போட்டி வைத்தார்கள். நடுவராக வாருங்கள் என்று சங்கச் செயலாளர் துளசிமணி நேரில் வந்து அழைத்தாள். நாற்பது வயது இருக்கும். மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடைக்காரரின் மகள். தண்ணீர் லாரி முதல் லிஃப்ட் ரிப்பேர் வரை அந்தக் கட்டடமே அவள் சுண்டுவிரலில் சுற்றியது. சுந்தரவடிவேலின் நாயை வெளியேற்றியவளும் அவள்தான். அதனால் எனக்கு அவளைப் பிடிக்காது. ஆனாலும் சர்க்கரைப் பொங்கலோடு வந்து கூப்பிட்டால் எப்படி மறுப்பது, போனேன்.

ஓட்டம், பந்து பிடித்தல் எல்லாம் முடிந்து கடைசியாக வணக்கப் போட்டி. அந்த வட்டாரம் முழுக்க இது பிரபலம், நான்தான் பார்த்ததில்லை. நாய் கழுத்தை முன்னால் நீட்டி, வாயைத் திறந்து, தலையைக் கீழே வெட்டி நிமிரும். குழந்தைகள் “வணக்கம், வணக்கம்” என்று கத்துவார்கள். உடனே ஒரு பிஸ்கட். எல்லா வீட்டிலும் இதைத்தான் பழக்கியிருந்தார்கள். பழக்கினார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

துளசிமணியின் மகள் தன்விகா மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படிக்கிறாள். பட்டுப்பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தன் நாய் பொரியை அழைத்து வந்தாள். வெள்ளை உடம்பில் பழுப்புத் திட்டு, பொரியும் கடலையும் கலந்து கொட்டியது போல இருந்த குட்டி. சொல்லாமலேயே வணக்கம் வைத்தான். நிறுத்தாமல் வைத்தான். கூட்டம் சிரித்துக் கைதட்டியது. நான் முன்வரிசையில் உட்கார்ந்து அவன் விலாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வணக்கத்துக்கும் விலா உள்ளே ஒட்டி, வயிறு இறுகி, பின்னங்கால் லேசாக நடுங்கியது.

அடிப்பாவி என்று என்னையே சொல்லிக்கொண்டேன். குரலைத் தாழிட்ட நாய்க்குத் தொண்டை இறுக மூடாது, இருமல் வந்தால் சத்தம் எப்படி வரும்? இத்தனை மாதமாக ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. நாய்கள் இருமிக்கொண்டேதான் இருந்திருக்கின்றன. ஊரே அதற்குக் கைதட்டி பிஸ்கட் கொடுத்திருக்கிறது. பிஸ்கட் கிடைக்கும் என்று தெரிந்ததும் அவை இருமல் வராத நேரத்திலும் அதைச் செய்ய, எது இருமல், எது வணக்கம் என்று யாருக்கும் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

கோப்பை பொரிக்குத்தான் போகவேண்டும் என்று கூட்டம் முடிவு செய்துவிட்டது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மைக்கில் என்ன சொல்ல முடியும்? துளசிமணியைத் தனியே கூப்பிட்டு, காலையில் நாயைக் கொண்டு வா, நீ மட்டும் வா என்றேன்.

வந்தாள். படம் எடுத்தேன். நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டேன். மற்ற நாய்களைப் போல முற்றிப் போகவில்லை, ஆனால் வழியில் இருந்தது.

“நல்லாத்தானுங்க இருக்கான். நேத்துக் கப்பு வாங்குன நாயிங்க” என்றாள் அவள்.

“அந்தக் கப்பே இருமலுக்குத்தான் குடுத்தோம் துளசி” என்று ஆரம்பித்து விஷயத்தைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. மேஜைமேல் நின்ற பொரி அந்த நேரம் பார்த்து வணக்கம் வைத்தான். அவள் கையை எடுத்து அவன் விலாவில் வைத்தேன். அடுத்த வணக்கத்தில் அவள் முகம் மாறியது.

“மோட்டார் ஓடுது, ஹோஸை ஒருத்தன் மிதிச்சுட்டு நிக்கறான். மோட்டார் என்ன ஆகும்?” என்று கேட்டேன்.

“சூடேறுமுங்க.”

“அப்புறம்?”

“காயில் எரிஞ்சு போயிருமுங்க” என்றாள். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஊசியைப் பற்றிச் சொன்னேன். அதைப் போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை, சுந்தரவடிவேல் வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பியவள் அவள். நெடுநேரம் பொரியின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். குரலை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சரிசெய்ய முடியாதா என்று கேட்டாள். முடியாது, இரண்டும் ஒன்றுதான் என்றேன். மாத்திரை இருக்கிறதா என்றாள். இருக்கிறது, கொஞ்ச நாள் தள்ளிப்போடும், அவ்வளவுதான் என்றேன். மாத்திரையே போதும் என்று வாங்கிக்கொண்டாள். கதவுவரை போய்விட்டுத் திரும்பினாள்.

“தன்விகிட்டச் சொல்லிராதீங்க டாக்டர். அவதான் பழக்குனா. ஒவ்வொரு வணக்கத்துக்கும் அவ கையாலதான் பிஸ்கட்.”

அதை மட்டும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். மற்றவர்களுக்குச் சொன்னேன். கிளினிக் வாசலில் எழுதி ஒட்டினேன், வருகிறவர்களிடமெல்லாம் வாய் வலிக்கச் சொன்னேன். கொஞ்சம் பேர் பயந்து நாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். நிறையப் பேர் வேறொன்று கேட்டார்கள். அந்த வணக்கம் வராமல் இருக்க ஏதாவது மாத்திரை இருக்கிறதா, பார்க்கச் சங்கடமாக இருக்கிறது என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தை வாயில் போட்டு மென்று விழுங்கினேன். அவர்களையும் என்ன சொல்ல, வாடகைக்கு வேறு வீடு பார்ப்பது அத்தனை சுலபமா என்ன.

வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் பொரி லிஃப்டில் மயங்கி விழுந்தான். துளசிமணியும் தன்விகாவும் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். வழியெல்லாம் துளசிமணி அவன் வாயில் ஊதிக்கொண்டே வந்திருக்கிறாள். அவள் உதட்டில் நாயின் எச்சில் காய்ந்திருந்தது. அவனைப் பிராணவாயுப் பெட்டிக்குள் வைத்துக் கண்ணாடிக் கதவை மூடினேன். நாக்கின் நீலம் மெல்ல இறங்கியது. கண்ணைத் திறந்ததும் எதிரே நின்ற தன்விகாவைப் பார்த்து வணக்கம் வைக்கத் தொடங்கினான். ஒன்று, இன்னொன்று, மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொன்று.

தன்விகா பாவாடைப் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்தாள். கதவு திறக்காது என்பதால் கண்ணாடிமேல் அழுத்திக் காட்டினாள்.

“எதுக்கு டாக்டர் இத்தனை வாட்டி வணக்கம் சொல்றான்? நான்தான் ஒண்ணே ஒண்ணு போதும்னு சொல்லிட்டேனே.”

எனக்குப் பொய் சொல்ல வராது. அதனால் குனிந்து குழாயைச் சரிபார்ப்பது போல நின்றுகொண்டேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதைக் காப்பாற்றும் தைரியமோ உடைக்கும் தைரியமோ எனக்கு இல்லை. சோர்ந்து போயிருந்தேன், அதுதான் உண்மை.

துளசிமணி மகளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“அது வணக்கம் இல்ல கண்ணு. அவனுக்கு நெஞ்சுல சீக்கு. இருமறான். சத்தம் வராததால நமக்குத் தெரியல.”

“எப்ப இருந்து?”

“முதல்ல இருந்தே.”

பிள்ளை அழவில்லை. பிஸ்கட்டைக் கண்ணாடியிலிருந்து எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். அது நொறுங்கி விரலிடுக்கில் தூளாகத் தரையில் கொட்டியது. பெட்டிக்குள் பொரி அந்தத் தூளைப் பார்த்துக்கொண்டே மறுபடி வணக்கம் வைத்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எத்தனையோ உயிர் போவதைப் பார்த்தவள் நான், அந்தத் திரும்பலைப் பார்க்க முடியவில்லை. பக்கத்து அறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

“ஊசியப் போட்டுருங்க டாக்டர்” என்றாள் துளசிமணி.

“குரைப்பான்.”

“குரைக்கட்டுமுங்க.”

போட்டேன். இதயம் தாங்குமா என்பது எனக்கே தெரியாது, அதையும் சொன்னேன். பத்துப் பதினைந்து நாள் பொரி என் கிளினிக்கிலேயே கிடந்தான். தன்விகா பள்ளி விட்டதும் நேராக வந்துவிடுவாள். கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அவன் பக்கம் திரும்பமாட்டாள், அவன் தலையை நீட்டினால் புத்தகத்துக்குள் குனிந்துகொள்வாள். பிஸ்கட் டப்பாவை என் மேஜைமேல் பார்த்ததும் அதை எடுத்து அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். நான் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

ஒரு மத்தியானம் ஏதோ நாயின் காயத்தைத் தைத்துக்கொண்டிருந்தேன். பின்கட்டிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம். எனக்கு முதலில் விளங்கவில்லை, அந்த ஊரில் அதைக் கேட்டு அவ்வளவு காலம் ஆகியிருந்தது. பொரி இருமினான். நிஜ இருமல், காதால் கேட்கும் இருமல். கையில் ஊசிநூலோடு அப்படியே நின்று கேட்டேன். ஒரு சீக்கின் சத்தத்தைக் கேட்டு சந்தோஷப்பட்ட ஒரே நாள் அதுதான். அடுத்தடுத்த நாட்களில் இருமல் குறைந்தது. அப்புறம் நின்றது. நின்றுவிட்டது என்று இப்போது எனக்குத் தெரியும், ஏனென்றால் இருந்தால் கேட்டிருக்கும்.

துளசிமணி சங்கக் கூட்டம் கூட்டினாள். விதியை மாற்றுவோம், எல்லா வீட்டு நாய்க்கும் ஊசி போடுவோம், முதலில் கொஞ்ச நாள் சத்தம் இருக்கும், பழகிவிடும் என்று பேசினாள். கூட்டத்துக்கு நானும் போய் அதே மோட்டார் கதையைச் சொன்னேன். மடியில் நாயோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்த நாய்கள் அங்கேயே, எங்கள் கண்ணெதிரேயே, வணக்கம் வைத்துக்கொண்டிருந்தன. கையைத் தூக்கச் சொன்னபோது நாலைந்து கைதான் உயர்ந்தது. அதில் ஒன்று சுந்தரவடிவேலுடையது. அவருக்குத்தான் இப்போது நாயே இல்லை.

கூட்டம் முடிந்ததும் துளசிமணி அவரிடம் போய் நின்றாள். என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். அந்த வாரத்துக்குள்ளேயே அவள் தன் சொந்த வீட்டு எண்ணைப் போட்டுத் தனக்கே நோட்டீஸ் எழுதி, செயலாளர் என்று கையெழுத்தும் போட்டு, அதற்கப்புறம்தான் பதவியை விட்டாள். திமிர் பிடித்தவள்தான். ஆனால் அன்றிலிருந்து எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. குடும்பம் கோவில்பாளையத்துக்கு அப்பால் ஒரு ஓட்டு வீட்டுக்குப் போனது. அவள் புருஷனுக்கு வேலைக்குப் போய்வர ரெண்டு பஸ் மாற வேண்டும், அந்தக் கோபத்தில் அவர் அவளோடு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

ஆடி முடிந்து பரிசோதனைக்கு வந்தார்கள். பொரி உடம்பு வைத்திருந்தான். உள்ளே நுழைந்ததும் என்னைப் பார்த்தான், மேஜையைப் பார்த்தான். கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, தலையை வெட்டி ஒரு வணக்கம் வைத்தான்.

மூன்று பேரும் அப்படியே நின்றுவிட்டோம். தன்விகா தாயின் புடவையைப் பற்றிக்கொண்டாள். போயிற்று, மறுபடியும் தாழ் விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கருவியை எடுத்து நெஞ்சில் வைத்தேன். இதயம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தது. நுரையீரலில் ஒரு கீறல் சத்தம்கூட இல்லை. அவன் இன்னொரு வணக்கம் வைத்தான். விலா அசையவில்லை, வயிறு இறுகவில்லை. வாயிலிருந்து சத்தமும் இல்லை. இருமலாக இருந்தால் கேட்டிருக்குமே.

“இருமல் இல்ல கண்ணு. பிஸ்கட் கேக்கறான்” என்றேன்.

அவள் நம்பவில்லை. கருவியை அவள் காதில் மாட்டினேன். நெடுநேரம் கேட்டாள். அலமாரிக்குப் பின்னால் அவள் ஒளித்து வைத்த டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தேன். பொரி மூன்றாவதாக ஒன்று வைத்தான். அவள் டப்பாவைத் தொடவில்லை. அவன் ஒருமுறை அவளைப் பார்த்தான், ஒருமுறை டப்பாவைப் பார்த்தான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் கிளினிக் கண்ணாடியெல்லாம் அதிர ஒரு குரை குரைத்தான்.

தன்விகா டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட் கொடுத்தாள்.

“வணக்கத்துக்கு இல்ல டாக்டர். குரைச்சதுக்கு” என்றாள்.

அவர்கள் போனபின் கொஞ்ச நேரம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினேன். வெகுநாள் கழித்து ஒரு வாய் காப்பி ருசித்தது. அப்புறம் அடுத்தவரை வரச் சொன்னேன். புதுச் சட்டை போட்ட ஒரு பையன், கல்யாணம் ஆகிச் சில மாதம்தான் இருக்கும், மனைவியோடு வந்தான். கையில் காது தொங்கும் ஒரு சின்ன ஊமைக்குட்டி. குட்டி தடுப்பூசி அட்டையைக் கடித்துக் கிழித்துவிட்டது, புது அட்டைக்காக வந்திருக்கிறோம், வேறு தொந்தரவு ஒன்றும் இல்லை என்றான். குட்டியை மேஜையில் இறக்கிவிட்டு அதன் முதுகைத் தட்டினான்.

“டாக்டருக்கு வணக்கம் சொல்லுடா.”

குட்டி வணக்கம் வைத்தது. அந்தப் பெண் பெருமையாகச் சிரித்துக்கொண்டு பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்தாள். நான் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு அவர்களை உட்காரச் சொன்னேன்.